பச்சைக் கட்டம் போட்ட பாக்கெட்

அந்தக் கவுனை பிரின்சி ஏற்கெனவே பார்த்திருந்தாள்.

பொன்னேரியில், தன் வீட்டில், அம்மாவின் இரும்புப் பெட்டிக்கு அடியில். கையில் எடுத்தே பார்த்திருந்தாள்.

"அட்டையை நேரா பிடிம்மா. வெளிச்சம் ஆடுது," என்றான் பிரதாப், கேமராவிலிருந்து கண்ணை எடுக்காமல்.

ஆடியது வெளிச்சம் இல்லை. ஜன்னல் வெயிலைப் படத்தின் மேல் திருப்புவதற்காக அவள் பிடித்திருந்த வெள்ளை அட்டை. அட்டையைப் பிடித்திருந்த கை.

எதிர்ச் சுவரில் ஒரு குழந்தை. பிளைவுட் பலகையில் எனாமல் பெயிண்டால் வரைந்த படம். வயது இரண்டு, இரண்டரை இருக்கலாம். இளஞ்சிவப்பில் வெள்ளைப் புள்ளி போட்ட கவுன். வட்டக் காலர், காலர் ஓரத்தில் லேஸ். மார்பில் இடது பக்கம் ஒரு பாக்கெட். அது மட்டும் கவுனோடு ஒட்டாமல் தனியாகத் தெரிந்தது. பச்சைக் கட்டம் போட்ட லுங்கித் துணி. கட்டங்கள் சாய்வாக விழும்படி வெட்டித் தைத்திருந்தது.

படத்துக்குக் கீழே, படகில் நம்பர் எழுதுகிற அதே தடித்த எழுத்தில் ஒரு பெயர். அமுலு.

புள்ளி போட்ட கவுன் ஊரெல்லாம் கிடைக்கும். லுங்கித் துணியில் சாய்வாகப் பாக்கெட் வைத்த கவுன் எத்தனை இருக்கும்?

ஏழாவது படிக்கும்போது பொம்மைக்குப் போட்டுவிடலாம் என்று பெட்டியிலிருந்து அதை எடுத்தாள். அம்மா மேரி ஓடிவந்து பிடுங்கிக்கொண்டு, கன்னத்தில் ஓர் அறை விட்டாள். வாழ்க்கையில் அம்மா அவளை அடித்தது அந்த ஒரே ஒரு முறைதான்.

பிரின்சி அட்டையை இரண்டு கையாலும் இறுக்கிப் பிடித்தாள்.

*

அவர்கள் நின்றிருந்தது சங்குத்திட்டில். பழவேற்காட்டில் படகு ஏறி, பசியாவரத்தைத் தாண்டி, ஏரிக்கும் கடலுக்கும் நடுவே கிடக்கும் மணல்மேட்டில் நாற்பது வீடு.

பிரதாப் சென்னையில் சின்னதாக ஓவியக்கூடம் நடத்துபவன். இரண்டு வருடத்துக்கு முன் பழவேற்காட்டு டீக்கடை ஒன்றில் ஒரு குழந்தையின் படத்தைப் பார்த்தான். வரைந்தவர் யார் என்று கேட்டான். சுப்பராயலு என்றார்கள். படகுக்கு நம்பர் போடுவார், வேனுக்குப் பெயர் எழுதுவார், மிச்சமாகும் பெயிண்டில் குழந்தைகளை வரைவார். அவர் செத்து பதினோரு வருடம் ஆகியிருந்தது. பத்திரிகையில் ஒரு வரி வந்ததில்லை. சென்னையில் ஒரு கண்காட்சி வைப்பதற்காக ஏரியைச் சுற்றி வீடு வீடாக ஏறி இறங்கி, பிரதாப் இதுவரை முப்பத்தோரு படங்களைக் கண்டுபிடித்திருந்தான்.

முகங்கள் எல்லாம் ஏறக்குறைய ஒரே அச்சு. துணிதான் வேறு. முழங்காலில் ஒட்டுப்போட்ட யூனிபார்ம் டிராயர். அண்ணனுடைய சட்டையைப் போட்டு, கையை நான்கு மடிப்பு மடித்துவிட்ட ஒரு பையன். ஜரிகை பிரிந்து தொங்கும் பாவாடை. பெல்ட்டுக்குப் பதில் நைலான் வலைக் கயிறு. பாதிப் பிள்ளைகள் செத்துப்போனவர்கள், போட்டோ இல்லாதவர்கள். பெற்றவர்கள் துணியைக் கொண்டுவந்து கொடுப்பார்கள், அவர் துணியைப் பார்த்து வரைவார். துணியில் பொய் இருக்காது.

ஓவியக் கல்லூரி முடித்து, பழைய படங்களைச் சுத்தம் செய்யப் பழகிய பிரின்சியைப் பிரதாப் வேலைக்கு வைத்தது போன மாதம். 'பழவேற்காட்டுப் பக்கம்' என்று கேட்டதுமே அம்மாவின் முகம் சுருங்கியது.

"வேற வேலை பாரு. உனக்குத் தண்ணியில கண்டம்."

"நாம எந்தக் காலத்துல ஜாதகம் பாத்தோம்? நீ ஞாயித்துக்கிழமை முதல் பூசைக்கே போறவ."

அம்மா அடுப்படிக்குப் போய்விட்டாள். இருபத்து மூன்று வயது வரை பிரின்சி ஒரு படகில்கூட ஏறியதில்லை. பள்ளிச் சுற்றுலாவுக்குக்கூட அனுப்பியதில்லை. அப்பா ஸ்டீபன் உயிரோடு இருந்தவரை, ஐஸ் வேனில் பக்கத்து சீட்டில் உட்காரவைத்துக் கும்மிடிப்பூண்டி வரை கூட்டிப்போவார். பழவேற்காடு ரோடு மட்டும் கிடையாது.

இன்று காலையிலிருந்து அம்மா மூன்று முறை போன் செய்துவிட்டாள். பிரின்சி எடுக்கவில்லை.

*

"சுனாமில போனவ சார்," என்றாள் ஜெயம்மா.

வீட்டுக்காரி. ஐம்பது வயது இருக்கும். இறால் உரித்து உரித்து நுனி வெளுத்த விரல்கள். படத்தைப் பார்க்காமலேயே படத்தைப் பற்றிப் பேசினாள்.

"ஞாயித்துக்கெழம. கோயில்ல இவளுக்கு காதுகுத்து. காலைல குளிப்பாட்டி, புதுத்துணில மஞ்ச வெச்சி போட்டு உட்டேன். கோயில் வாசல்ல நிக்குது புள்ள. தேங்காய எடுக்கறதுக்கு திரும்புனேன். அவ்ளோதான்."

"அப்புறம்... கிடைச்சாங்களா?" என்று கேட்டுவிட்டுப் பிரதாப் நாக்கைக் கடித்துக்கொண்டான்.

"எங்க ஊர்ல நாலு பேரு. எங்க ஊட்டுக்காரரும் சேத்து மூணு பேரு கெடச்சாங்க. இவ கெடைக்கல."

பிரின்சி அட்டையைக் கீழே இறக்கினாள். "அப்ப அந்தக் கவுனும் கிடைச்சிருக்காதே. இவர் எதைப் பாத்து வரைஞ்சாரு?"

"பெரியவன் ராகுலுக்கு அதே பீஸ்ல சட்ட தெச்சிருந்தேன் கண்ணு. ஊட்ல எத்தினி புள்ள இருந்தாலும் ஒரே துணில தெக்கறதுதான எங்க வழக்கம். அத்த எடுத்துனு போயி குடுத்தேன். காலரு இப்டி, லேசு இப்டினு சொன்னேன்." ஜெயம்மா கொஞ்சம் நிறுத்தினாள். "பாக்கெட்ட மட்டும் சொல்லல."

"மறந்துட்டீங்களா?"

"வாய் வரல. அது எங்க ஊட்டுக்காரரு லுங்கி. புள்ளைக்கு பாக்கெட்டு வோணும், வேர்க்கடல வெக்கறதுக்குனு அடம். அவரே வெட்டிக் குடுத்தாரு, கோணலா. ரெண்டு பேரும் ஒரே அலைல போயிட்டாங்க. நான் எப்டி சொல்லுவேன்? ஆனா படம் வந்தப்ப பாக்கெட்டு இருந்துச்சி. அதே பச்ச. அதே கோணல்."

 வெளியே ஏதோ ஒரு படகின் இன்ஜின் இருமி நின்றது.

"எப்டி தெரியும்னு சுப்பராயலு அண்ணனக் கேட்டேன். கொழந்த கனவுல வந்து காட்டுச்சினாரு. கண்ணப் பாக்காமத்தான் சொன்னாரு."

பிரின்சியின் பையில் போன் அதிர்ந்தது. நான்காவது முறை.

*

படகுக்காரர் சிங்காரம் கரையோரக் கடையில் டீ சொல்லிவிட்டுக் காத்திருந்தார். ஏரியில் வலை போட முறை வைத்து நாள் பிரித்திருப்பார்கள். அதற்குப் பெயர் பாடு. இன்று அவர் பாடு இல்லை, அதனால் சவாரி.

"சார், அந்தத் தொப்பிய கழட்டுங்க. ஃபாரஸ்ட் ஆபீசர்னு நெனச்சி எங்காளுங்க ஓடறாங்க," என்றார்.

பிரதாப் கழற்றவில்லை. நோட்டைப் புரட்டினான். "சிங்காரம், ஒரு சந்தேகம். முப்பத்தோரு படத்துல பன்னெண்டுல மட்டும் துணி ஓரத்துல கட்டைவிரல் அளவுக்கு மஞ்சள் கறை வரைஞ்சிருக்காரு. மத்ததுல இல்ல. என்ன கணக்கு அது?"

"உங்க ஊட்ல புதுத்துணி எடுத்தா இன்னா பண்ணுவீங்க?"

"போட்டுப்போம்."

"அதான் இப்டி கீறீங்க." சிங்காரம் டீயை ஊதினார். "புதுத்துணின்னா ஓரத்துல மஞ்ச தொட்டு வெச்சிட்டுத்தான் போடணும். உசுரோட கீற புள்ளைய வரைஞ்சா அந்த மஞ்சளயும் சேத்து வரைவாரு. செத்த புள்ளைக்கு வெக்க மாட்டாரு. கையில காசத் திணிச்சாலும் மாட்டாரு. வெச்சா, புள்ள திரும்ப வரும்னு பெத்தவ வாசலயே பாத்துகினு ஒக்காந்துருவானு சொல்லுவாரு. இந்த ஏரில எல்லாத்துக்கும் தெரியும் அது."

"அப்ப அந்தப் பன்னெண்டு பேரும் உயிரோட இருக்காங்களா?"

"தோ, இந்தக் கடைக்காரன் அண்ணன் படமும் அதுல ஒண்ணு. ஆரம்பாக்கத்துல ரெண்டு பொண்டாட்டியோட ஷோக்கா கீறான். போயி பாருங்க."

கடைக்காரன் கரண்டியைக் காட்டி, "ரெண்டாவது இன்னும் கன்பார்ம் ஆவல," என்றான். எல்லோரும் சிரித்தார்கள்.

பிரின்சி சிரிக்கவில்லை. "ஜெயம்மாக்கா வீட்டுப் படத்துல மஞ்சள் இருக்கா அண்ணே?"

சிங்காரம் அவளை ஒரு மாதிரி பார்த்தார். "அது எப்டி இருக்கும் பாப்பா? அதான் போயிட்ச்சே."

*

பிரதாப் பக்கத்து வீட்டுப் படத்துக்குப் போனான். பிரின்சி மட்டும் ஜெயம்மாவின் வீட்டுக்குத் திரும்பினாள். பஞ்சு, தண்ணீர், மரக் குச்சி, மெல்லிய பிரஷ். படத்தைச் சுத்தம் செய்யவேண்டியது பாக்கி.

குழந்தையின் நெற்றியில் ஒரு சந்தன வட்டம். பாதத்துக்குச் சற்று மேலே, கவுனின் கீழ் ஓரத்தில் இன்னொன்று. இரண்டும் பொட்டு அளவில் இல்லை. அடைபோல் தடித்து, வெடித்து, குங்குமம் கறுத்திருந்தது.

"ஒவ்வொரு வெள்ளிக்கெழமையும் வெப்பேன்," என்றாள் ஜெயம்மா. "பழச தொடைக்க மாட்டேன். அது மேலயேதான் புதுசு. மொதல்ல சுப்பராயலு அண்ணனேதான் ரெண்டு எடத்துலயும் சந்தனம் வெச்சிக் குடுத்தாரு. 'இத்தத் தொடைக்காத ஜெயம்மா, இது மேலயே வெச்சிகினு வா'ன்னாரு."

பிரின்சியின் கையிலிருந்த பஞ்சு அந்தரத்தில் நின்றது.

"தொடைக்கட்டுமா அக்கா? வேணாம்னா விட்டுடறேன்."

விட்டுடு என்று சொல்லிவிட மாட்டாளா என்று உள்ளுக்குள் ஒரு குரல் கெஞ்சியது.

ஜெயம்மா யோசித்தாள். "எம் பொண்ணு நாலு பேர் பாக்கற எடத்துக்குப் போவுது. மூஞ்சி கால் எல்லாம் பளிச்சினு தெரியட்டும். தொட. நாளைக்கு வெள்ளி, புதுசா வெச்சிக்கறேன்." புதுச் சந்தனம் கரைக்க உள்ளே போனாள்.

நெற்றியில் இருந்தது சுலபமாக வந்தது. அடியில் நெற்றி மட்டும்தான்.

கால் பக்கம் ஈரப் பஞ்சை ஒற்றி, காத்திருந்து, குச்சியால் நெம்பினாள். மீன் செதில்போல் ஒவ்வோர் அடுக்காகப் பெயர்ந்தது. இருபத்தோரு வருடத்து வெள்ளிக்கிழமைகள் அவள் உள்ளங்கையில் பொடியாக உதிர்ந்தன. கடைசி அடுக்கு பலகையைவிட்டு எழும்பியபோது, அடியில் இளஞ்சிவப்பு தெரிந்தது. வெள்ளைப் புள்ளி ஒன்று தெரிந்தது.

அதற்குப் பக்கத்தில், மஞ்சள்.

கட்டைவிரல் அளவு. பிரஷ் வழுக்கி விழுந்த கறை என்று யாரும் சொல்ல முடியாது. ஈர மஞ்சள் துணியின் இழைகளில் ஊறிப் பரவுவதுபோல், ஓரங்களை இழை இழையாக இழுத்து, பொறுமையாக வரைந்த மஞ்சள்.

அமுலு சாகவில்லை. சுப்பராயலுவுக்கு அது தெரிந்திருந்தது. வரைந்தார். தன் கையாலேயே மூடினார்.

உள்ளே பாத்திரம் வைக்கும் சத்தம். காலடி.

பிரின்சி யோசித்துச் செய்ததாகச் சொல்ல முடியாது. வாசல் தாண்டி வந்த ஜெயம்மாவின் கையிலிருந்த கிண்ணத்தில் விரலை விட்டு, சந்தனத்தை அள்ளி, கவுனின் ஓரத்தில் அப்பினாள். நெற்றியிலும் ஒன்று வைத்தாள்.

"இன்னா கண்ணு, நீயே வெச்சிட்ட?"

"நாளைக்கு வரைக்கும் வெறுமையா இருக்க வேணாம்னு..."

ஜெயம்மா படத்தைப் பார்க்கவில்லை. அவள் கையைப் பார்த்தாள்.

"நடுங்குதே. சாப்ட்டியா நீ?"

*

பொன்னேரி வீட்டுக்கு வந்தபோது மணி ஆறு. கதவு சும்மா சாத்தியிருந்தது. இரும்புப் பெட்டி திறந்து கிடந்தது. அதற்குப் பக்கத்தில் தரையில் அம்மா. மடியில் கவுன். பக்கத்தில் கத்தரிக்கோல்.

கவுனின் மார்பில் பாக்கெட் இல்லை. இருந்த இடத்தில் ஊசித் துளைகள் மட்டும் சதுரமாக வரிசை கட்டியிருந்தன. அந்தச் சதுரத்துக்குள் இளஞ்சிவப்பு, கடையிலிருந்து வந்த அன்றைக்குப்போலப் பளிச்சென்று இருந்தது.

"நாலு தடவ அடிச்சேன், நீ எடுக்கல," என்றாள் மேரி. "அப்பவே தெரிஞ்சிடுச்சு."

"அமுலு யாரும்மா?"

"அந்தப் பேர் எனக்குத் தெரியாது." அம்மா நிமிர்ந்து பார்த்தாள். "சத்தியமா. பேர் தெரிஞ்சிடக் கூடாதுன்னுதான் நான் யாரையும் விசாரிக்கல."

பிரின்சி செருப்பைக்கூடக் கழற்றாமல் எதிரே உட்கார்ந்தாள். அம்மா சொல்லச் சொல்லக் கேட்டாள்.

அன்று காலை அப்பா ஐஸ் வண்டியை எடுத்துக்கொண்டு பழவேற்காடு போயிருந்தார். தண்ணீர் வந்து போனபிறகு, கருவேல முள்ளில் கவுன் சிக்கித் தொங்கிய ஒரு குழந்தையை எடுத்தார். ஆஸ்பத்திரி வாசலில் நிற்க இடமில்லை. மூச்சு இருந்தது. நேராக வீட்டுக்கு வண்டியை விட்டார்.

"ரெண்டு நாள் பாத்துக்க மேரி, யாராவது தேடி வருவாங்கன்னார். நமக்குப் பிறந்தது போய் அன்னிக்கு நாப்பதாவது நாள். எனக்குப் பால்கூட நிக்கல."

"யாரும் தேடி வரலையா?"

"தேடி வர்றதுக்கு நாங்க யாருக்குச் சொன்னோம்?"

மின்விசிறி கரகரத்துச் சுற்றியது.

"மறுநாள் இந்தக் கவுனைத் துவைச்சேன். சோப்பு போட்டதும் ஓரத்துல ஒரு இடம் செக்கச்செவேல்னு ஆயிடுச்சு. ரத்தம்னு நினைச்சு அலறிட்டேன். அலசிப் பாத்தாத்தான் தெரியுது, மஞ்சள். சோப்பு பட்டா சிவக்கும் இல்ல, அது. முந்தின நாள் காலையில யாரோ ஒருத்தி வச்சு விட்டது." அம்மாவின் குரல் தேய்ந்தது. "அப்பவே குடுத்திருக்கணும். மூணு நாள் பாத்தேன். அப்புறம் ஒரு வாரம். ஒரு மாசம் நீ பேசவே இல்ல. பேசினப்போ அம்மான்னே. நீ யாரைக் கூப்பிட்டேன்னு நான் கேட்டுக்கல."

"சுப்பராயலு?"

"பொங்கல் கழிச்சு, வண்டியில உன் பேரை எழுத வந்தார். கொடியில இது காஞ்சுட்டு இருந்தது. பாத்தார். யார் குழந்தைன்னார். சொந்தக்காரங்க எல்லாரும் போயிட்டாங்கன்னு உங்கப்பா சொன்னார். ஆவணியில திரும்ப வந்தார், கையில ஒரு சின்னச் சட்டையோட. இதே துணி. நீ ஓடிப்போய் அவர் வேட்டியப் பிடிச்சுக்கிட்டு தாத்தான்னே. நான் அவர் காலைக் கட்டிக்கிட்டேன். ரொம்ப நேரம் நின்னார். 'நான் வாயால சொல்ல மாட்டேன் மேரி. ஆனா பொய்யா வரைய மாட்டேன்'னு சொல்லிட்டுப் போயிட்டார்."

போன் அடித்தது. சிங்காரம்.

"பாப்பா." அவர் குரலில் காலையில் இருந்த கிண்டல் இல்லை. "நீ வெச்ச சந்தனம் உதுந்துடுச்சி."

பிரின்சி கண்ணை மூடிக்கொண்டாள். எண்ணெய்ப் பிசுக்கு போகத் துடைத்த எனாமல். அதன் மேல் நீர்ச் சந்தனம். கடல் காற்றில் காய்ந்தால் எப்படி நிற்கும்? நிற்காது என்று அவளுக்குப் பாடமே நடத்தியிருக்கிறார்கள்.

"வெளக்கு வெக்க வந்த ஜெயம்மா பாத்துச்சி. மஞ்ச. ஊரே கூடிட்ச்சி. அன்னிக்கி பழவேற்காட்டு கரைல எந்தெந்த வண்டி நின்னுச்சினு பெருசுங்க ஒண்ணொண்ணா சொல்றாங்க. மீன் வண்டி, ஐஸ் வண்டி..." சிங்காரம் மூச்சு வாங்கினார். "ஜெயம்மா மட்டும் ஒண்ணும் பேசல. சந்தனம் வெச்சப்ப அந்தப் பொண்ணு கை நடுங்குச்சி, அத்தக் கூட்டினு வானு மட்டும் சொல்லுச்சி."

"நீங்க என்ன சொன்னீங்க அண்ணே?"

"நான் இன்னா சொல்றது? காலைல எட்டு மணிக்கு படகோட நிப்பேன். வந்தீனா வா. நீ வரலனா அவங்க வருவாங்க."

*

"எரிச்சிடலாம்," என்றாள் மேரி. "கவுன் இல்லைன்னா அவங்ககிட்ட என்ன இருக்கு? பலகையில ஒரு சொட்டு பெயிண்ட். அவ்வளவுதான்."

உண்மைதான். இந்தத் துணி இல்லாவிட்டால் அமுலு யாராகவும் இருக்கலாம், எங்கேயும் இருக்கலாம். ஞானஸ்நானச் சீட்டு இருக்கிறது, ஆதார் இருக்கிறது, பிரின்சி ஸ்டீபன் மகள். இந்தத் துணி இருந்தால், எதிரே கால் மடக்கி உட்கார்ந்திருக்கும் இவள் பிள்ளை திருடி.

பிரின்சி எழுந்தாள். மேரி அவள் கையைப் பார்த்துக்கொண்டே இருந்தாள், தீப்பெட்டியை எடுக்கப்போகிறாள் என்று.

அலமாரியிலிருந்து ஊசியும் நூலும் எடுத்து வந்தாள்.

"பாக்கெட் எங்கம்மா?"

மேரி வலது கையை முந்தானைக்குள் இழுத்துக்கொண்டாள்.

"உன் வலது கையைத் திற."

விரல்கள் ஒவ்வொன்றாகப் பிரிந்தன. வியர்வையில் ஈரமாகிச் சுருண்டிருந்தது பச்சைக் கட்டம். பிரின்சி அதை முழங்காலில் வைத்து நீவினாள். சாய்வைச் சரிபார்த்தாள். பழைய துளைகளிலேயே ஊசியை விட்டு, ஒவ்வொரு தையலாகப் போட ஆரம்பித்தாள். இரண்டாவது பக்கம் முடியும்போது மேரி கேட்டாள்.

"என்னைப் பிடிச்சுக் குடுக்கப் போறியா?"

"தெரியலம்மா. இதைக் குறையோட குடுக்க முடியாது. அது மட்டும் தெரியும்."

மூன்றாவது பக்கம். நூலைப் பல்லால் கடித்து அறுத்தாள்.

"நானும் வரேன்," என்றாள் மேரி.

*

வெள்ளிக்கிழமை காலை எட்டு மணி. கோயிலுக்குக் கட்டும் வெள்ளைப் புடவையில் மேரி வந்தாள். இரண்டு பேராக வருவதைச் சிங்காரம் பார்த்தார். மேரியின் முகத்தைப் பார்த்தார். எதுவும் கேட்கவில்லை. ஒரு கிண்டல், ஒரு பேச்சு கிடையாது. கை கொடுத்து ஏற்றிக்கூட விடவில்லை. வாய் ஓயாத அந்த மனிதர் மௌனமாக இன்ஜினை இழுத்ததுதான் பிரின்சியை அதிகமாகப் பயமுறுத்தியது.

பசியாவரம் பின்னால் போயிற்று. தண்ணீர் ஈயம்போல் அசையாமல் கிடந்தது. மேரி இரண்டு கையாலும் படகின் ஓரத்தைப் பிடித்திருந்தாள். அவள் உதடுகள் அசைந்துகொண்டே இருந்தன. செபமாக இருக்கலாம்.

சங்குத்திட்டு தெரிந்தது. முதலில் கோயில் கூரை. அப்புறம் கரை. கரையில் வரிசையாகப் பெண்கள். முப்பது பேராவது இருப்பார்கள்.  ஆண்கள் அவர்களுக்குப் பின்னால் தள்ளி நின்றார்கள். டீக்கடை மூடியிருந்தது.

படகின் அடி மணலில் உரசி நின்றதும் ஜெயம்மா தண்ணீரில் இறங்கி வந்தாள். முழங்கால் ஆழம். இடது கையில் சின்னக் கிண்ணம்.

பிரின்சி இறங்கினாள். என்ன சொல்வது என்று வழியெல்லாம் யோசித்து வைத்திருந்த எதுவும் வாயில் வரவில்லை. பையைத் திறந்து கவுனை எடுத்து நீட்டினாள்.

ஜெயம்மா அதை வாங்கவில்லை. கிண்ணம் பிடித்த கையை ஒதுக்கி, வலது கட்டைவிரலால் பாக்கெட்டை மட்டும் தடவினாள். மேலிருந்து கீழே. கட்டங்களின் சாய்விலேயே.

"தையல் புதுசு," என்றாள்.

"நான்தான் வெட்டினேன்," என்று படகிலிருந்து மேரியின் குரல் வந்தது. "திரும்பத் தச்சது அவ."

ஜெயம்மா அந்தப் பக்கம் திரும்பவில்லை. கிண்ணத்தில் விரலைத் தோய்த்தாள். ஈர மஞ்சள். பிரின்சியின் சுடிதார் மேல்சட்டையின் ஓரத்தைப் பிடித்து, ஒரு கட்டைவிரல் அளவு, அழுத்தித் தடவினாள்.  கரையில் யாரோ ஒரு பெண் மூக்கை உறிஞ்சினாள். 

அதன்பிறகுதான் ஜெயம்மா மேரியைப் பார்த்தாள். ரொம்ப நேரம் பார்த்தாள். அடிக்கப்போகிறாள் என்று பிரின்சி நினைத்தாள். குறுக்கே நகர்ந்தாள்.

"எறங்கு," என்றாள் ஜெயம்மா.

மேரி இறங்கினாள். வெள்ளைப் புடவை தண்ணீரில் உப்பி எழுந்தது.

"மொத காய்ச்சலு. மொத எழுத்து. உழுந்து பல்ல ஒடச்சிகினது. வயசுக்கு வந்தது. எல்லாம் எனக்கு சொல்லணும். ஒரு நாள உடக்கூடாது. இருபத்தோரு வருசம். தோ, அந்தப் படத்துக்கு முன்னால குந்திகினு சொல்லணும்."

மேரி தலையை ஆட்டினாள். "சொல்றேன்." சற்றுப் பொறுத்து, மெதுவாக, "சொல்லி முடிச்சப்புறம்?"

"அப்பால சொல்றேன், உன்ன இன்னா செய்யறதுனு."

பிரின்சி மேரியின் முழங்கையைப் பிடித்துக்கொண்டாள். மறு கையில் கவுன். மூன்று பேரும் கரையை நோக்கி நடந்தார்கள். வரிசை வழிவிட்டுப் பிரிந்தது. அவர்கள் தாண்டிப் போனதும் மூடிக்கொண்டது.

பின்னால் தண்ணீர் சலசலத்தது. பிரின்சி திரும்பிப் பார்த்தாள். நான்கு பெண்கள் இறங்கி, படகின் முனையில் கை வைத்து, ஏரிக்குள் தள்ளிக்கொண்டிருந்தார்கள். சிங்காரம் தலையைக் குனிந்து உட்கார்ந்திருந்தார். இன்ஜினைத் தொடவில்லை. சொல்லி முடிக்கும்வரை மேரிக்குத் திரும்ப வழியில்லை என்று பிரின்சிக்குப் புரிந்தது. படகு தானாகவே விலகிப் போய்க்கொண்டிருந்தது.